இயக்கி நிரலில் பிழை ஒளியும் இடம்

கணிப்பொறியில் மற்ற நிரல்களுக்கெல்லாம் அடியில் நின்று ஆட்சி புரிவது கெர்னல் என்னும் கருநிரலாகும். வட்டு, அச்சுப்பொறி, வலையட்டை முதலிய கருவிகளை அதனோடு இணைப்பதற்குத் தனித்தனி நிரல்கள் உண்டு. அவற்றையே டிரைவர், அதாவது இயக்கி என்பர். சாதாரண நிரல் பழுதுபட்டால் அது மட்டுமே நின்றுபோகும். லினக்ஸ் கெர்னலுக்குள் ஓடும் இயக்கி பழுதுபட்டாலோ பொறி முழுவதுமே முடங்கக்கூடும். வட்டின் இயக்கியாயின் எழுதிவைத்த கணக்கும் கடிதமும் அழியக்கூடும்.

2001-ஆம் ஆண்டில் லினக்ஸை ஆராய்ந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார், இயக்கிகளின் பிழை விகிதம் ஏனைய பகுதிகளைவிட மூன்று முதல் ஏழு மடங்கு வரை மிகுந்திருக்கக் கண்டனர். காரணங்களுள் ஒன்று வெளிப்படை. வெற்றி வழியை எல்லாரும் சோதிக்கின்றனர். தோல்வி வழியோ அரிதாகவே ஓடுகிறது. ஆகவே அதனைப் படித்துத்தான் பிழை காணவேண்டும்.

இயக்கி தொடங்கும்போது முதலில் நினைவகத்தில் இடம் பெறுகிறது. அடுத்துக் கருவியை எட்டும் வழியை அமைக்கிறது. பின்னர், கருவி அழைக்கும்போது ஓடிவரும் உரிமையைக் கோருகிறது. இவ்வழைப்பே குறுக்கீடு எனப்படும். மூன்றாம் படி தோற்றால் முன் பெற்ற இரண்டையும் தலைகீழ் வரிசையில் திருப்பித் தரவேண்டும். காலுறையின்மேல் சப்பாத்து அணிந்தவன் சப்பாத்தைத்தானே முதலில் கழற்றுவான்!

இதற்கு லினக்ஸ் எழுதுவோர் ‘கோ டூ’ என்னும் தாவல் கட்டளையைக் கையாளுகின்றனர். நெதர்லாந்து அறிஞர் டைக்ஸ்ட்ரா 1968-இல் கண்டித்த அதே கட்டளைதான். ஆயினும் இங்கு அது நன்கு பொருந்துகிறது. விடுவிக்கும் படிகளை இறுதியில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, தோல்வி நேர்ந்த இடத்திற்கேற்ற படிக்குத் தாவினால் போதும். அவ்வடுக்கின் வரிசையே ஆராய்பவர் முதலில் நோக்கவேண்டியது.

அதனினும் நுட்பமான பிழை ஒன்றுண்டு. கெர்னலில் பெரும்பாலும் சுழியம் வெற்றியையும் எதிர்க்குறி எண் தோல்வியையும் உணர்த்தும். நினைவகம் போதாமைக்கு -12. உள்ளீட்டு வெளியீட்டுப் பிழைக்கு -5. தாவுமுன் இவ்வெண்ணைக் குறிக்க மறந்தால், முந்திய படி விட்டுச்சென்ற சுழியமே விடையாகிவிடும். எல்லாவற்றையும் விடுவித்துவிட்டு ‘வெற்றி’ என்று அறிவிக்கிறது இயக்கி! கெர்னலும் அதனை நம்பி, இல்லாத நினைவகத்தைத் தொடுகிறது.

முகவரியை விடையாகத் தரும் கூறுகளிலும் இத்தகைய பொறி உண்டு. சில, தோல்வியில் வெற்று முகவரியைத் தருகின்றன; வேறு சிலவோ, பிழை எண்ணைக் கடைசி 4095 முகவரிகளுள் ஒன்றாக உருமாற்றித் தருகின்றன. பின்னதை வெற்று முகவரியா என்று மட்டும் சோதித்தால் தோல்வியும் வெற்றியாகவே தோன்றும்.

தரவுக் கட்டமைப்பையும் இவ்வாறே காலவரிசைப்படி நோக்கவேண்டும். பட்டியலும் பூட்டும் அமையுமுன்பே குறுக்கீட்டைக் கோரினால், அந்த நொடியிலேயே அழைப்பு வந்துவிடலாம். அப்போது பட்டியல் ஏது, பூட்டு ஏது?

பெற்றவற்றைத் தானே தலைகீழாக விடுவிக்கும் ஏற்பாடு 2007-இல் கெர்னலில் சேர்ந்தது. பெரும் உதவிதான். எனினும் குறுக்கீட்டை அதனிடம் ஒப்படைத்துவிட்டு நினைவகத்தைக் கையால் விடுவிப்போர் உளர். கருவியைக் கழற்றும்போது நினைவகம் முன்னே போய்விடும். குறுக்கீடு பின்னரே நீங்கும். அவ்விடைவெளியில் வரும் ஓர் அழைப்பு, விடுவிக்கப்பட்ட நினைவகத்திலேயே எழுதிவிடும்.