ஜிம்மியின் பல்லும் நான் வாங்கிய குச்சியும்

எங்கள் வீட்டு ஜிம்மிக்கு ஒன்பது வயது. கிள்ளானில் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, தபால்காரரைத் தவிர மற்ற எல்லாரையும் வாலாட்டி வரவேற்கும் நாய். சென்ற ஆண்டு அதற்கு மயக்க மருந்து கொடுத்து ஐந்து பற்களைப் பிடுங்க வேண்டியதாகிவிட்டது. அம்மா தீபாவளிக்கென்று சேர்த்து வைத்திருந்த பணம் அதோடு கரைந்தது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளாக, வாரம் தவறாமல் ஜிம்மிக்குப் 'பல் சுத்தக் குச்சி' வாங்கிப் போனவள் நான்தான்.

நான் பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை கே.எல். சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் ஏறுமுன் ஒரு பொட்டலம் குச்சி வாங்கிவிடுவேன். வாரம் முழுவதும் வீட்டில் இல்லாத குற்ற உணர்ச்சிக்கு அது நல்ல மருந்தாக இருந்தது. அட்டையில் பளிச்சென்ற பற்களோடு ஒரு நாய் சிரிக்கும். எங்கள் நாயோ குச்சியைப் பத்து விநாடியில் விழுங்கிவிட்டு அடுத்ததற்குக் கையைப் பார்க்கும். வாய் நாற்றம் கூடிக்கொண்டே போனபோதுகூட, 'அதுதான் தினமும் குச்சி தின்கிறதே' என்று நான் கவலைப்படவில்லை.

ஒருநாள் ஜிம்மி சோற்றை ஒரு பக்கமாகவே மென்று, பாதியைக் கீழே சிந்தியது. கால்நடை மருத்துவர் அதன் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். முன்பற்கள் சுமாராக இருந்தன. பின்பக்கப் பெரிய பல்லின்மேல் பழுப்புக் கல் அப்பியிருந்தது; ஈறைத் தொட்டதும் இரத்தம் கசிந்தது. "கடைசியாக எப்போது வாயைத் திறந்து பார்த்தீர்கள்?" என்று கேட்டார். எனக்கு நினைவில்லை.

அந்தக் கல் எப்படி உருவாகிறது என்று பிறகுதான் தேடிப் படித்தேன். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள், நமக்கு 32. பல்லின்மேல் முதலில் படிவது பாக்டீரியா நிறைந்த பிசுக்குப் படலம். அதைத் துடைக்காமல் விட்டால், எச்சிலில் உள்ள கால்சியம் ஏறி, சில நாள்களிலேயே சுண்ணாம்புக் காரைபோல் இறுகிவிடும். நாயின் எச்சிலில் நம்முடையதைவிடக் காரத்தன்மை அதிகம். அதனால் நாய்க்குச் சொத்தைப் பல் அரிது. பற்காரையோ சீக்கிரம் படியும். உண்மையான ஆபத்து ஈறுக்கு அடியில் இருக்கிறது. அங்கே இறங்கும் பாக்டீரியாவால் ஈறு வீங்குகிறது. நாளடைவில் பல்லைத் தாங்கும் எலும்பே கரைகிறது.

பாட்டி இதை ஒப்புக்கொள்ளவில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர் அவர். "தோட்டத்துல நாய்க்கு யாருடி பல்லு வெளக்கி விட்டா? கருவாட்டுத் தலையும் சோறும்தான். எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

பாட்டிக்குப் பதில் சொல்லக்கூடிய ஓர் ஆய்வு இன்னொரு நாட்டுத் தோட்டத்திலேயே நடந்திருக்கிறது. நார்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1970 முதல் 1985 வரை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண் தொழிலாளர்களின் வாயைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள். பல் துலக்கும் பழக்கமோ பல் மருத்துவரோ இல்லாத நம் தமிழ்த் தொழிலாளர்கள் அவர்கள். எல்லார் பல்லிலும் படலமும் காரையும் நிறைந்திருந்தன. ஆனால், 8 விழுக்காட்டினருக்கு நோய் வேகமாக முற்றியது. 45 வயதுக்குள் அவர்கள் ஏறக்குறைய எல்லாப் பற்களையும் இழந்தார்கள். 81 விழுக்காட்டினருக்கு மெதுவாகப் பரவியது. மீதி 11 விழுக்காட்டினருக்கோ ஈறு வீக்கத்தைத் தாண்டி எதுவும் நடக்கவில்லை. பாட்டி நினைவில் வைத்திருக்கும் நாய்கள் அந்தப் 11 விழுக்காட்டைப் போன்றவையாக இருக்கலாம். மற்ற நாய்களின் வாயை யார் திறந்து பார்த்தார்கள்? (தொழிலாளர்களின் வாயைப் பதினைந்து ஆண்டுகள் எண்ணிப் பார்க்க முடிந்தவர்களுக்கு ஒரு பல்துலக்கி கொடுக்க எது தடையாக இருந்தது என்பது எனக்குள்ள தனிக் கேள்வி.)

அதே லோ, சுவீடன் ஆய்வாளர் லிண்டேவோடு சேர்ந்து, பீகிள் இன நாய்களை நான்கு ஆண்டுகள் கவனித்து 1975இல் வெளியிட்ட ஆய்வும் உண்டு. ஒரு பிரிவு நாய்களுக்குத் தினமும் பல் துலக்கினார்கள். இன்னொரு பிரிவை அப்படியே விட்டார்கள். துலக்கிய நாய்களின் ஈறு நலமாக இருந்தது. விடப்பட்டவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எலும்பு வரை நோய் இறங்கியது.

சரி, குச்சி ஏமாற்று வேலையா? அப்படியும் சொல்ல முடியாது. நன்றாக மென்றால், பல் குச்சிக்குள் புதையும்போது படலம் கொஞ்சம் உராய்ந்து போகும். சில குச்சிகளில் பாலிபாஸ்பேட் உப்பு சேர்க்கிறார்கள். எச்சிலில் உள்ள கால்சியத்தை அது பிடித்துக்கொள்வதால் காரை இறுகுவது குறைகிறது. அமெரிக்காவில் 1997இல் தொடங்கிய கால்நடை வாய்நல மன்றம் இத்தகைய பொருள்களுக்கு முத்திரை தருகிறது. மன்றம் தானே சோதனை செய்வதில்லை. நிறுவனம் நடத்திய இரண்டு சோதனைகளின் முடிவுகளை ஆராய்கிறது. படலமோ காரையோ சராசரியாகக் குறைந்தது 20 விழுக்காடு குறைந்திருக்க வேண்டும்.

இங்கேதான் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். குச்சி தின்னாத நாயைவிட 20 விழுக்காடு குறைவு என்றால், பெரும்பகுதி காரை இன்னும் பல்லிலேயே இருக்கலாம். ஈறு நோய் 20 விழுக்காடு குறையும் என்றும் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. குச்சி படாத இடங்களிலும் ஈறுக்கு அடியிலும் அதற்கு வேலையே இல்லை. ஜிம்மியைப் போல் விழுங்குகிற நாய்க்கு அது வெறும் தின்பண்டம்தான். அதிலும் மாவுச்சத்து அதிகம். 10 கிலோ எடையுள்ள நாய்க்கு ஓய்வாக இருக்கும்போது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 400 கலோரி போதும். தின்பண்டம் நாள் உணவில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்கிறார்கள். பொட்டலத்தின் பின்பக்கத்தில் கலோரி அச்சிட்டிருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள், படிவம் ஒன்று கணிதம் போதும்.

விழுங்குவதில் வேறு ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் கேன்சஸ் சிட்டியைச் சேர்ந்த ஒரு தம்பதியர், தங்கள் நாயின் வாய் நாற்றத்தைப் போக்கக் கண்டுபிடித்ததுதான் புகழ்பெற்ற 'கிரீனீஸ்'. 2006இல், அது நாய்களின் தொண்டைக் குழாயிலும் குடலிலும் அடைத்துக்கொண்டதாகவும் சில நாய்கள் இறந்ததாகவும் சி.என்.என். செய்தி வெளியிட்டது. அதே ஆண்டு மார்ஸ் நிறுவனம் கிரீனீஸை வாங்கியது. எளிதில் கரையும் வகையில் செய்முறையும் மாற்றப்பட்டது. ஆகவே நாயின் எடைக்கேற்ற அளவில் வாங்கிக் கொடுத்து, தின்று முடிக்கும்வரை பக்கத்தில் இருப்பது நல்லது. குச்சிக்குப் பதில் எலும்போ மான் கொம்போ கொடுக்கலாமே என்று நினைத்தால், அவை பல்லையே உடைத்துவிடும். நகத்தால் அழுத்தினால் தடம் பதியாத எதுவும் நாய்ப் பல்லுக்குக் கடினம்.

மிஞ்சுவது பல் துலக்குவதுதான். நம் பற்பசை கூடாது. சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பு நாய்க்கு நஞ்சு. நாய் பசையைத் துப்பாது என்பதால் புளோரைடும் வயிற்றுக்குள் போகும். நாய்க்கென்றே விற்கும் பசை கோழி இறைச்சிச் சுவையில் கிடைக்கிறது. நான் முதல் வாரம் ஜிம்மியின் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அடுத்த வாரம் விரலில் ஈரத் துணி. பிறகுதான் பிரஷ். பல்லின் வெளிப்பக்கம் மட்டும் போதும் என்றார் மருத்துவர். உள்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளுமாம். ஏற்கெனவே இறுகிய காரை பிரஷுக்கு அசையாது. அதை மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

நான் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் நாள்களில் இந்த வேலை தம்பியுடையது. அவன் செய்கிறானா என்று காணொளி அழைப்பில் கேட்பேன். ஜிம்மியின் உதட்டைத் தூக்கித் திரையில் காட்டுவான். குச்சியை முழுதாக நிறுத்தவில்லை. சனிக்கிழமைகளில் துலக்கி முடித்ததும் ஒன்று, கையில் பிடித்தபடியே மெல்ல விடுகிறேன். இடப்பக்கம் தொட்டால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பல் பிடுங்கிய பக்கம் அது.

"எனக்கு இருக்கிறதே ஏழு பல்லு, அதுக்கு யாரும் பிரஷ் வாங்கித் தரல" என்கிறார் பாட்டி. போன வாரம் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.