தலைச்சேரி தந்த கிறிஸ்துமஸ் கேக்

டிசம்பர் பிறந்தால் ஓசூர், கிருஷ்ணகிரி கடைகளில் பிளம் கேக்குக்குத் தனி மவுசு. இதை இந்தியாவில் முதலில் சுட்டதாகப் பெயர் பெற்ற பேக்கரி கேரளத்துத் தலைச்சேரியில் இருக்கிறது.

மாம்பள்ளி பாபு 1880-இல் அங்கே ராயல் பிஸ்கட் பாக்டரியைத் தொடங்கினார். 1883-இல் அஞ்சரக்கண்டித் தோட்ட அதிபர் முர்டாக் பிரவுன், இங்கிலாந்து கேக் ஒன்றைக் கொடுத்து, அதுபோல் செய்து தரக் கேட்டார். பாபுவுக்கு அது புதுச் சரக்கு. ஆனாலும் தட்டிக்கழிக்கவில்லை. அச்சை உள்ளூர்க் கொல்லரிடம் அடித்து வாங்கினார். பிரெஞ்சு பிராந்திக்குப் பதில் உள்ளூர்ப் பழச்சாராயம் சேர்த்தார். ருசித்த பிரவுன் மேலும் ஒரு டஜன் கேட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. பாபுவின் வம்சத்தினர் இன்றும் தொழிலை நடத்துகின்றனர்.

பெரிய கம்பெனிகளோடு போட்டியிடும் நம் சிறு வியாபாரிகளுக்கு இதில் பாடம் உண்டு. வாடிக்கையாளர் கேட்டதை 'இல்லை' என்று திருப்பியனுப்பாமல், தரம் குறையாமல் கொடுத்தால் மறு ஆர்டர் தானே தேடி வரும்.