கொழுந்துக் கூடையில் ஒரு முட்டை

காலையில் பிரட்டுக் கலைந்து, பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறிய பின்னர், லயத்து வாசல் கோழிகளுக்கே உரியதாகிவிடுகிறது. எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகளின் இறப்பர்த் தோட்டங்களாயினும், பலாங்கொடை, இறக்குவானைப் பகுதிகளின் தேயிலை மலைகளாயினும், காட்சி ஒன்றே. காம்பராவும் அது நிற்கும் நிலமும் பெரும்பாலும் தோட்டத்தைச் சேர்ந்தவை. வாசலிற் கிளறித் திரியும் பேடு மட்டும் வீட்டுக்காரியின் சொந்தச் சொத்து. ஆதலால் அது இடும் முட்டையை அற்பப் பொருளென்று நாம் தள்ளிவிட முடியாது.

கோழிக்கென்று தனிப் பிடிவாதம் உண்டு. பழைய கொழுந்துக் கூடையிற் கிழிந்த படங்கை விரித்து வைத்தால், சில பேடுகள் மறுநாளே அதனைத் தமதாக்கிக்கொள்ளும். வேறு சில, விறகுக் குவியலின் இடுக்கையோ தேயிலைச் செடியின் அடியையோ நாடிச் செல்லும். இருளும் மறைவுமே அவை வேண்டுவன. முன்னமே ஒரு முட்டை கிடக்கும் இடம் பாதுகாப்பான இடமென்பது பேட்டின் கணக்கு. அதனாலேயே நம் பாட்டிமார் முட்டைகளை எடுக்கும்போது ஒன்றை மட்டும் கூடையில் விட்டுவைத்தனர்.

இக்கணக்கே சில வேளைகளிற் சச்சரவுக்கும் வித்தாகிறது. அடுத்த காம்பராக் கோழியும் அதே கூடையில் வந்து முட்டையிட்டால், அது யாருக்குச் சொந்தம்? “அக்கா, இது எங்க கோழி முட்டைதான்” என்று ஒருத்தி சொல்ல, மற்றவள் மறுக்க, பேச்சுத் தடித்துவிடும். இவ்வழக்கைத் தீர்க்கச் சாட்சி வேண்டியதில்லை, முட்டையே சாட்சி. ஒவ்வொரு பேட்டின் முட்டைக்கும் அதற்கே உரிய வடிவும் நிறமும் உண்டு. ஒன்று நீண்டிருக்கும், ஒன்று உருண்டிருக்கும். ஒன்று வெளிறியிருக்கும், ஒன்று பழுப்பாயிருக்கும். ஒரு வாரம் உற்றுப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

“நேற்றுக் காலையில் இட்ட கோழி இன்று ஏன் மதியம் வரை தாமதிக்கிறது?” என்று மாணவர் சிலர் கேட்கலாம். மஞ்சட்கரு சூலகத்திலிருந்து விடுபட்டு முழு முட்டையாக வெளிவர ஏறத்தாழ 25 மணி நேரம் செல்கிறது. அதில் 20 மணி நேரம் ஓடு உருவாவதற்கே வேண்டும். எனவே முட்டையிடும் வேளை நாள்தோறும் சிறிது பிந்திக்கொண்டே போகிறது. பிற்பகலை எட்டியதும், பேடு ஒரு நாள் ஓய்ந்து, மறுபடியும் காலையில் தொடங்குகிறது. அந்த ஓய்வு நாளிற் கோழியைச் சோம்பேறியென்று ஏசுவது நியாயமன்று. ஓட்டின் பெரும் பகுதி சுண்ணாம்புச் சத்தாகும். அச்சத்துக் குறைந்தால் தோல் முட்டை விழும். சமையலில் உடைத்த முட்டை ஓடுகளைக் காயவைத்து, பொடியாக இடித்துத் தீனியிற் கலந்தால் இக்குறை பெரிதும் நீங்கும்.

குளிர்நாடுகளிற் பகல் குறுகும் மாரிக் காலத்தில் முட்டை அருகிவிடும். சபரகமுவையிலோ நெடிய பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வேற்றுமை ஒரு மணி நேரத்துக்கும் குறைவே. இங்கே முட்டையை நிறுத்துவன இறகுதிர்வும் அடையுமே. நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டையிட்டதும் அடைக்கு அமர்ந்துவிடும். இறகைச் சிலிர்த்து, கிட்டே வருபவரைக் கொத்தி, நாளுக்கு ஒரு முறை மட்டுமே இரைக்கும் நீருக்கும் எழும். 21 நாள் இத்தவம் நடைபெறும். வெவ்வேறு நாள்களில் இட்ட முட்டைகள் ஏறக்குறைய ஒன்றாகவே பொரிப்பது விந்தையன்றோ? தாயின் சூடு இடையறாது படும் வரையில் கரு வளராமற் காத்திருப்பதே அதன் காரணம்.

அடைக்கோழியை நீரில் அமுக்கித் தெளிவிக்கும் வழக்கம் உண்டு. மழை ஓயாத இரத்தினபுரிப் பக்கத்தில் இது அதற்குத் துன்பம் தருவதேயாகும். அடியிற் காற்றுப் புகும் கூட்டில், தீனியும் நீரும் வைத்து, சில நாள் விட்டால் அடை தானாகவே தெளியும்.

அடைகாக்கும் இந்தக் குணம் காட்டிலிருந்து வந்ததாகும். வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை ஆசியாவின் செங்காட்டுக்கோழி. அதன் உறவான இலங்கைக் காட்டுக்கோழி நம் நாட்டின் தேசியப் பறவை. 1988 ஆம் ஆண்டு உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்ட சிங்கராஜ வனத்தில் இன்றும் அதனைக் காணலாம். அது ஒரு முறைக்கு இரண்டு முதல் நான்கு முட்டைகளே இடும். மனிதர் பல தலைமுறை தெரிந்தெடுத்து வளர்த்த பண்ணைக்கோழியோ ஆண்டுக்கு முந்நூறு முட்டை வரை இடும். ஆனால் அடைகாப்பதை அநேகமாக மறந்துவிட்டது.

இனி, வீட்டுக்காரியின் முன் நிற்கும் கேள்விக்கு வருவோம். கூடையிலே பன்னிரண்டு முட்டை. அடைவைத்தால் குஞ்சாகும், ஆனால் கீரிக்கும் பருந்துக்கும் தப்பியவையே கோழியாகும். விற்றால் அன்றே காசாகும். சமைத்தால் பிள்ளையின் உடம்பில் ஊறும். 2023 ஆம் ஆண்டு முட்டைத் தட்டுப்பாட்டால் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யப்பட்டதை நாம் கண்டோம். அத்தகைய நாளில் வாசற்கோழியின் மதிப்பு எவருக்கும் விளங்கியிருக்கும்.

நாம் சொல்லக்கூடியது இவ்வளவே: ஒரு வாரத்துக்குட்பட்ட புதிய முட்டைகளை அடைக்கு வையுங்கள், மிகுந்தால் விற்றுக்கொள்ளுங்கள். ஆனால் எல்லாவற்றையும் விற்றுவிட வேண்டாம். ஒரு முட்டையில் ஏறத்தாழ ஆறு கிராம் புரதம் உண்டு. தினமும் தீனி போட்டுக் கோழியைக் கூட்டில் அடைக்கும் பிள்ளைக்கு, அதன் முட்டையில் முதற் பங்கு உண்டு என்பதை மறவாதிருப்போமாக.