கலவன் எடுப்பதும் குஞ்சு கழிப்பதும்

வண்ணமீன் வளர்ப்பைப் பண்ணையோடு சேர்த்துச் செய்யும் உழவர்கள் பெருகி வருகிறார்கள். நல்ல கிணற்றுத் தண்ணீர் இருந்தால் போதும். தொட்டியில் மாற்றும் தண்ணீர் வாழைக்கும் கீரைக்கும் உரமாகப் போய்விடும். தொட்டி கட்டுவது, தீனி போடுவது, நோய் பார்ப்பது எல்லாம் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். ஒரு வேலையைப் பற்றி மட்டும் அதிகம் பேச மாட்டோம். பிறந்த குஞ்சுகளில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது, கழித்த குஞ்சை என்ன செய்வது? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

செங்குன்றம் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர். ஒன்றரை ஏக்கரில் தூயமல்லி நெல்லும் காய்கறியும். மீதியில் சிமெண்டுத் தொட்டிகள், நாட்டுக்கோழி, தீவனப் புல். தொட்டிகளில் கப்பியும் பொன்மீனும் வளர்த்துக் கொளத்தூர் கடைகளுக்குக் கொடுக்கிறேன்.

நான் குஞ்சு கழிப்பதைப் பார்த்த அம்மா ஒருநாள் கேட்டார்: “பூச்சிக்கே மருந்து அடிக்க மாட்டேங்கிற. இந்த வாயில்லாத குஞ்சுங்கள மட்டும் கொல்லலாமா?”

“விதை நெல்லு வயல்ல கலவன் எடுக்கறதில்லையாம்மா? அதே மாதிரிதான்” என்றேன்.

“நெல்லு துடிக்காதுடா” என்றார்.

அம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது. கலவன் எடுக்கும் பாடம் மீனுக்கும் பொருந்தும். ஆனால் மீன் துடிக்கும். அதனால் கழிக்கிறவனுக்கு இரண்டு பொறுப்பு வருகிறது. காரணம் இல்லாமல் கழிக்கக் கூடாது. கழித்தால் வேதனை இல்லாமல் கழிக்க வேண்டும்.

ஏன் கழிக்க வேண்டும்?

ஆற்றிலும் குட்டையிலும் இந்த வேலையை இயற்கையே பார்த்துக்கொள்கிறது. ஆயிரம் முட்டை பொரித்தால் பெரிய மீனும் தட்டானின் இளம்புழுவும் மீன்கொத்தியும் தின்றது போகச் சிலதான் தேறும். தொட்டியில் அந்த எதிரிகளை எல்லாம் நாம் விலக்கிவிட்டோம். அதனால் வளைந்த முதுகோடு பிறந்ததும் பிழைக்கிறது, நீந்த முடியாததும் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. இனப்பெருக்கத்துக்கு அதுவும் சேர்ந்தால் நான்கைந்து தலைமுறையில் ரகமே சீரழிந்துவிடும்.

இன்னொரு காரணம் இடம். ஆயிரம் லிட்டர் தொட்டியில் ஐந்நூறு கப்பிக் குஞ்சு சுகமாக வளரும். அதிலேயே இரண்டாயிரத்தை அடைத்தால் கழிவில் அம்மோனியா ஏறி, நல்ல குஞ்சும் சேர்ந்து குன்றும். நெருக்கிப் பாவிய நாற்றங்கால் மாதிரிதான்.

முதல் கழிப்பு: பெருக விடாமல் இருப்பது

கொல்லாமல் கழிக்கும் வழி ஒன்று உண்டு. தேவைக்கு மேல் பிறக்க விடாமல் பார்ப்பது. கப்பி நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். ஒரு தடவை ஆணோடு சேர்ந்த பெண், அந்த விந்தை உடம்பில் சேமித்து வைத்துப் பல மாதம் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே ஆணைப் பிரித்துவிட்டால் உடனே நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். குஞ்சிலேயே ஆண், பெண் பிரிப்பதுதான் சரியான கட்டுப்பாடு.

பொன்மீன் ஒரே ஈற்றில் நூற்றுக்கணக்கில், சமயத்தில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். உங்கள் தொட்டி எத்தனை குஞ்சைத் தாங்குமோ அந்த அளவு முட்டையை மட்டும் எடுத்து வையுங்கள். மீதியைத் தாய்மீன் தொட்டியிலேயே விட்டால் அவையே தின்றுவிடும். வெள்ளையாகிப் பூஞ்சை பிடித்த முட்டையை அன்றாடம் எடுத்துவிட்டால் மற்றவை பிழைக்கும்.

எப்போது பார்ப்பது?

அவசரப்பட்டால் நல்லதைக் கழித்துவிடுவோம். தாமதித்தால் கெட்டதற்குத் தீனியும் போட்டு, தவறான சேர்க்கைக்கும் இடம் கொடுத்துவிடுவோம். நான் வைத்திருக்கும் கணக்கு இது.

கப்பிக்கு முதல் பார்வை பத்தாம் நாள். முதுகு வளைந்தது, தரையில் துள்ளித் துள்ளி நகர்வது, தீனிக்கு வராதது ஆகியவற்றை மட்டும் எடுக்க வேண்டும். இரண்டாவது பார்வை மூன்று வாரத்திலிருந்து நான்கு வாரத்துக்குள். பெண் குஞ்சின் அடிவயிற்றில் கரும்புள்ளி தெரியும். ஆணின் அடித்துடுப்பு கூர்ந்து குச்சி போல ஆகும். இந்த நேரத்தில் இரண்டையும் தனித்தனித் தொட்டியில் போட்டுவிட வேண்டும். நான்கு வாரம் தாண்டினால் எது எதோடு சேர்ந்தது என்றே சொல்ல முடியாது. மூன்றாவது பார்வை மூன்று, நான்கு மாதத்தில். வால், நிறம், நீச்சல் பார்த்து இனத்துக்கு வைக்கும் ஆண்களைப் பொறுக்குவது அப்போதுதான். ஆண் கப்பி பெண்ணைவிடச் சிறியதாகத்தான் இருக்கும். ‘சின்னது, நோஞ்சான்’ என்று ஆண்களை எல்லாம் ஒதுக்கிவிடாதீர்கள்.

பொன்மீனுக்கு முதல் பார்வை இரண்டு, மூன்று வாரத்தில். வெள்ளைக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு மேலிருந்து பார்க்க வேண்டும். இரட்டை வால் ரகத்தில் ஒற்றை வாலோடு நிறைய வரும். முதுகு கோணலும் இப்போதே தெரியும். இரண்டாவது பார்வை ஐந்து, ஆறு வாரத்தில். முதுகுத் துடுப்பு, உடல்வாகு பார்ப்பதற்கு. நிறத்தை மட்டும் இப்போது பார்க்கவே கூடாது. பொன்மீன் குஞ்சு முதலில் கருத்த வெண்கல நிறத்தில்தான் இருக்கும். நிறம் மாறத் தொடங்கவே இரண்டு மூன்று மாதம் ஆகும். சில குஞ்சு ஒரு வருடம்கூட எடுத்துக்கொள்ளும்.

கழிக்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

ஒரு ஈற்றில் நூற்றுக்கு நான்கைந்து கோணல் என்றால் இயல்பு. நூற்றுக்கு முப்பது கோணல் என்றால் குற்றம் குஞ்சில் மட்டும் இருக்காது. தீனியில் வைட்டமின் சி குறைந்தால் முதுகு வளையும். ரொம்ப நாள் திறந்து கிடந்த தீனியில் அந்தச் சத்து போய்விடும். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் நின்றால், பிறந்த சில நாளில் மேலே வந்து காற்றை விழுங்க வேண்டிய குஞ்சால் அதைச் செய்ய முடியாது. காற்றுப்பை நிரம்பாமல் வாழ்நாள் முழுக்கத் தரையிலேயே உரசிக்கொண்டு கிடக்கும். இதற்கெல்லாம் மருந்து கழிப்பது அல்ல. தண்ணீரையும் தீனியையும் திருத்துவது.

வளர்ந்த மீன் திடீரென மெலிந்து, முதுகு வளைந்து, புண் வந்தால் மீன் காசநோயாக இருக்கலாம். கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது அந்தத் தொட்டியில் கை விடாதீர்கள். அந்தக் கிருமி நம் தோலிலும் புண்ணாக்கும்.

ஒதுக்கியது எல்லாம் சாக வேண்டியதில்லை

இனத்துக்கு ஆகாத மீன் எல்லாம் உயிருக்கு ஆகாத மீன் இல்லை. வால் வடிவம் சரியில்லை, நிறம் கலந்துவிட்டது என்றால் அது ஆரோக்கியமான மீன்தான். கடை ரகமாகக் குறைந்த விலைக்குப் போகும். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். வீட்டுச் சிமெண்டுத் தொட்டியில் கொசுப்புழு தின்ன இரண்டு கப்பி விடலாம். வெளியே வழிந்தோடாத தொட்டியாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

எங்கள் ஊரில் பெரியவர் ஒருவர் சொன்னார்: “ஏரியில விட்டுடு தம்பி, எங்கயாவது பிழைச்சிக்கும். புண்ணியம்.” நான் விடவில்லை. கப்பி தென் அமெரிக்க மீன். கொசு ஒழிப்புக்கு என்று கொண்டுவந்து விட்டது, இன்று நம் சாக்கடை வரை பரவிக் கிடக்கிறது. தொட்டி சுத்தம் செய்ய வாங்கிய ‘டேங்க் கிளீனர்’ மீன் வளர்ந்து பெரிதானதும் நீர்நிலையில் விட்டவர்களும் புண்ணியம் என்றுதான் விட்டிருப்பார்கள். இன்று ஏரியில் வலை போடுகிறவர், கெண்டைக்குப் பதில் முள்ளும் ஓடுமாக அதைத்தான் அள்ளுகிறார். வலையும் கிழிகிறது. ஒரு குஞ்சின் உயிரைக் காப்பாற்றப் போய், அயிரைக்கும் கெண்டைக்கும் உலை வைப்பது என்ன புண்ணியம்? நாட்டு விதையைக் காப்பாற்றுகிற நாம் நாட்டு மீனையும் காப்பாற்ற வேண்டும்.

கொல்வதென்றால்

தீனி எடுக்க முடியாதது, நீந்த முடியாதது, குணமாகாத நோயுள்ளது. இவற்றை அப்படியே விட்டால் பட்டினியில் பல நாள் செத்துக்கொண்டிருக்கும். அதைக் கருணை என்று சொல்ல மாட்டேன். அதற்காக வெயிலில் கொட்டுவது, சாக்கடையில் ஊற்றுவது, தண்ணீரோடு பிரீசரில் வைத்து மெல்ல உறைய விடுவது எல்லாம் கொடுமை.

கப்பி போன்ற வெப்பநாட்டுச் சின்ன மீனுக்கு, ஒன்றரை அங்குலத்துக்குள் இருந்தால், குளிர்த் தண்ணீர் போதும். உடைத்த பனிக்கட்டி ஐந்து பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. கட்டி மேலே படாதபடி வலைத்துணியைத் தடுப்பாக வைத்து, குஞ்சை ஒரே வீச்சில் உள்ளே விட வேண்டும். நொடிகளில் அசைவு நின்றுவிடும். அப்படியே இருபது நிமிடத்துக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். பொன்மீனுக்கு இது ஆகாது. அது குளிரைத் தாங்கும் மீன், சாகாமல் அவதிப்படும்.

பொன்மீனுக்கும் பெரிய மீனுக்கும் கிராம்பு எண்ணெய். நாட்டு மருந்துக் கடையில் கலப்படம் இல்லாததாக வாங்குங்கள். ஒரு லிட்டர் தொட்டித் தண்ணீருக்குப் பத்துச் சொட்டு. எண்ணெய் தண்ணீரில் தானாகக் கலக்காது. சிறு பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரோடு பால் போல ஆகும்வரை குலுக்கி ஊற்ற வேண்டும். மீன் முதலில் மயங்கும், பிறகு செவுள் அசைவு நிற்கும். நின்ற பிறகும் அரைமணி நேரம் விட வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் மயக்கம் தெளிந்து எழும்.

குளிரில் இறந்த, நோயில்லாத குஞ்சை நாட்டுக்கோழிக்குப் போடலாம். நிறைய இருந்தால் எடைக்கு எடை நாட்டுச் சர்க்கரை கலந்து மீன் அமிலம் போடலாம். கிராம்பு எண்ணெயில் இறந்ததையும் நோயில் இறந்ததையும் எந்த உயிருக்கும் தீனியாகத் தரக் கூடாது. ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தாய், எந்தத் தேதி, எத்தனை குஞ்சு, எத்தனை கழித்தது, என்ன காரணம். நான்கு ஈற்று எழுதினால் எந்த ஜோடியில் கோணல் அதிகம் என்று நோட்டே சொல்லிவிடும். அந்த ஜோடியைப் பிரித்துவிட்டால் அடுத்த ஈற்றில் கழிக்க வேண்டியது குறையும். எங்கள் தொட்டியில் குறைந்துகொண்டுதான் வருகிறது. அம்மா இப்போதும் கழிக்கும் நாளில் தொட்டிப் பக்கம் வருவதில்லை. ஆனால் மறுநாள் வந்து, “நேத்து எத்தனைடா?” என்று மட்டும் கேட்பார். அந்த எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லும்படி வளர்ப்பதுதான் என் வேலை.