பாதிரியார் எந்தப் பக்கம் பார்ப்பது?

திருச்செங்கோட்டு மலை மேல் இருக்கும் அர்த்தநாரீசுவரரைத் தெரியாதவர்கள் உண்டா? பாதி ஆண், பாதி பெண். இரண்டும் சேர்ந்து ஒரே உருவம். "எந்தப் பாதி பெரியது?" என்று மலை ஏறுகிற யாரும் சண்டை போடுவது இல்லை.

ஆனால் பக்கத்தில் உள்ள கேரளத்தில், "பாதி இப்படி, பாதி அப்படி" என்று வகுத்த ஒரு வழிபாட்டு முறையால் பெரிய சண்டையே மூண்டது. சண்டை போட்டவர்கள் வேறு வேறு மதத்தினர் அல்ல. ஒரே சபையைச் சேர்ந்த கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள்.

சண்டை எதற்கு? பூசை செய்யும்போது பாதிரியார் மக்களைப் பார்த்து நிற்பதா, பீடத்தைப் பார்த்து நிற்பதா என்பதற்குத்தான்!

இது என்ன, இவ்வளவு சின்ன விஷயமா என்று தோன்றும். கதையைக் கேளுங்கள்.

புரியாத மொழியில் பூசை

ஏசுநாதர் கடைசி இரவில் சீடர்களுக்கு அப்பமும் ரசமும் கொடுத்தார். அதை நினைத்துச் செய்யும் வழிபாடுதான் பூசை. கத்தோலிக்கர்களுக்கு இதைவிடப் பெரிய வழிபாடு கிடையாது.

1570-ல் போப்பாண்டவர் ஐந்தாம் பத்திநாதர் ஒரு பூசைப் புத்தகத்தை வெளியிட்டார். சுமார் 400 வருடம் உலகின் பெரும்பாலான கத்தோலிக்கக் கோவில்களில் அந்த முறைதான் நடந்தது. மொழி லத்தீன். பாதிரியார் மக்களுக்கு முதுகு காட்டி, பீடத்தைப் பார்த்து நிற்பார். பல ஜெபங்களை மெல்லிய குரலில் சொல்வார். மக்கள் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். உதவி செய்யும் பையன்கள், அர்த்தம் தெரியாவிட்டாலும் லத்தீன் பதில்களை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள்.

திருச்செங்கோடு, 1930-ல் உண்டான சேலம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. இந்தப் பக்கத்துக் கத்தோலிக்கர்களும் அன்று அப்படித்தான் பூசை கண்டார்கள்.

1963 டிசம்பர் 4-ந் தேதி ரோமாபுரியில் பெரிய மாற்றம் வந்தது. உலகத்து பிஷப்புகள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், வழிபாட்டில் தாய்மொழிக்கு இடம் கொடுக்கத் தீர்மானித்தது. ஆதரவாக 2,147 ஓட்டு. எதிராக வெறும் 4!

அதன் பிறகு பீடம் சுவரை விட்டு முன்னே வந்தது. பாதிரியார் மக்கள் பக்கம் திரும்பினார். பூசை தமிழில் ஒலித்தது. 1969-ல் புதிய பூசை முறையும் வந்தது.

பலர் மகிழ்ந்தார்கள். "இப்போதுதான் சாமியார் சொல்வது புரிகிறது" என்றார்கள். சிலர் வருந்தினார்கள். "பழைய பூசையில் இருந்த அமைதி எங்கே? பயபக்தி எங்கே?" என்று கேட்டார்கள்.

குத்துவிளக்கும் ஆரத்தியும்

அதே 1969-ல், இந்திய பிஷப்புகள் கேட்ட 12 மாற்றங்களுக்கு ரோமாபுரி அனுமதி கொடுத்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்காரலாம். முழங்காலிடுவதற்குப் பதில் கைகூப்பி வணங்கலாம். மெழுகுவர்த்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு ஏற்றலாம். ஆரத்தி எடுக்கலாம்.

இதற்கும் எதிர்ப்பு வந்தது. "நம் நாட்டு வழக்கம்தானே, என்ன தப்பு?" என்றது ஒரு கட்சி. "நம் கோவிலை இந்துக் கோவிலாக மாற்றப் பார்க்கிறார்கள்" என்றது இன்னொரு கட்சி.

மீசையா, பூசையா?

ஆனால் இந்த வழக்கு 1969-ல் பிறந்தது அல்ல. அதற்கு 350 வருடம் முன்பே, நம் பக்கத்துச் சேந்தமங்கலத்துக்கு வந்துபோன ஒருவர் இதே வழக்கில் சிக்கினார். அவர்தான் தத்துவ போதகர் என்று பெயர் பெற்ற ராபர்ட் டி நொபிலி.

இத்தாலியரான அவர் 1606-ல் மதுரைக்கு வந்தார். காவி உடுத்தார். சைவ உணவு உண்டார். தமிழும் வடமொழியும் படித்தார். அவருக்கு முன்பு, லத்தீன் சொல்லான 'மிசா' என்பதைத் தமிழில் 'மீசை' என்றே எழுதிவந்தார்கள். "மீசை கண்டாயா?" என்றால் தமிழன் சிரிக்கமாட்டானா? நொபிலி 'பூசை' என்ற சொல்லை வழங்கினார்.

உடனே சக பாதிரிமார் சிலரே அவர் மேல் குற்றம் சாட்டினார்கள். வழக்கு ரோமாபுரி வரை போனது. 1623-ல் போப்பாண்டவர் நொபிலிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அதே வருடம்தான் நொபிலி திருச்சி, சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தார்.

வேடிக்கை என்ன தெரியுமா? இன்று புதிய தலைமுறை 'திருப்பலி' என்கிறது. 'பூசை' என்பது பாட்டிமார் சொல்லும் பழைய சொல் ஆகிவிட்டது!

பூட்டிய கோவில்

இப்போது கேரளத்துக்கு வருவோம். அங்கே உள்ள சீரோ மலபார் சபைக்குத் தனி வழிபாட்டு முறை உண்டு. முன்பு அங்கும் பாதிரியார் பீடத்தைப் பார்த்தே நின்றார். சங்கத்துக்குப் பிறகு எர்ணாகுளம்-அங்கமாலிப் பகுதியில் மக்களைப் பார்த்து நிற்கும் வழக்கம் வந்தது. 50 வருடம் அப்படியே நடந்தது.

"எல்லா ஊரிலும் ஒரே முறை வேண்டும். பாதி நேரம் மக்களைப் பார்த்து, பாதி நேரம் பீடத்தைப் பார்த்து" என்று சபையின் பிஷப்புகள் முடிவு செய்தார்கள். 2021 நவம்பர் 28 முதல் அமல் என்று உத்தரவு. எர்ணாகுளத்துப் பாதிரிமாரும் மக்களும் பெரும்பாலோர் மறுத்தார்கள்.

2022 நவம்பரில் எர்ணாகுளம் மாதா பேராலய வாசலில் தகராறு. போலீசார் வந்தார்கள். கோவில் பூட்டப்பட்டது. டிசம்பரில் கோவிலுக்குள்ளேயே கைகலப்பு. அந்த வருடம் கிறிஸ்துமஸ் இரவில், ஊரெல்லாம் நட்சத்திர விளக்கு எரிய, அந்தப் பேராலயத்தில் மட்டும் பூசை இல்லை!

2023-ல் போப்பாண்டவர் பிரான்சிஸ், வீடியோவில் நேராகவே தோன்றி மன்றாடினார். 2025-ல் ஓர் உடன்பாடு வந்தது. ஞாயிறுதோறும் ஒரு பூசையாவது பொது முறையில் நடக்கவேண்டும் என்று ஏற்பாடு ஆனது.

உலகத்திலும் இதே கதைதான். பழைய லத்தீன் பூசைக்கு 2007-ல் போப்பாண்டவர் பெனடிக்ட் தாராளமாக அனுமதி தந்தார். 2021-ல் பிரான்சிஸ் அதைக் கட்டுப்படுத்தினார்.

யார் பக்கம் நியாயம்? ஒன்றை மட்டும் கவனியுங்கள். எர்ணாகுளத்தில் மக்கள் விடமாட்டோம் என்று பிடித்துக்கொண்டது, 50 வருடம் முன்பு வந்த புதுமையைத்தான். இதற்குள் அது அவர்களுக்குப் பரம்பரை வழக்கம் ஆகிவிட்டது. தாயும் தகப்பனும் கும்பிட்ட முறை என்றால் யாருக்குத்தான் விட மனம் வரும்?

ஆகவே, பழசைக் கேட்கும் பெரியவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். புதுசைக் கேட்கும் பிள்ளையைக் கோபிக்கவும் வேண்டாம். பாட்டி 'பூசைக்குப் போகிறேன்' என்கிறாள். பேத்தி 'திருப்பலிக்குப் போகிறேன்' என்கிறாள். கோவில் கதவு திறந்திருந்தால், இருவரும் போய் உட்காருவது ஒரே இடத்தில்தான்.