நீலம் பாய்ந்த டிஸ்க்

மும்பை சீத்தா கேம்பிலிருந்து மான்குர்டு, வாஷி பாலம், பன்வேல் வழியாகக் கோபோலி தாண்டி லோனாவாலா ஏறி இறங்கும் பைக்குகளில் முன் பிரேக் டிஸ்க் சில நேரம் நிறம் மாறிக் கிடக்கும். ஓரிடத்தில் வைக்கோல் மஞ்சள், இன்னோரிடத்தில் ஊதா, நீலம். மும்பை–புனே விரைவுச் சாலையில் இருசக்கர வண்டிக்கு அனுமதி கிடையாது. பழைய நெடுஞ்சாலையின் வளைவுகள்தான் வேகப்பிரியர்களுக்கு வாய்த்த பாதை. நீலத்தைப் பார்த்ததும் இரண்டு யோசனைகள் வந்து விழும். டிஸ்க் வெந்துவிட்டது, மாற்றிவிடு என்பது ஒன்று. ரேஸ் பிரேக் பேட் போட்டால் எல்லாம் சரியாகும் என்பது மற்றொன்று. இரண்டுமே அவசரக் கணிப்புகள். அந்த நிறம் டிஸ்க் ஒருமுறை எட்டிய சூட்டின் பதிவு மட்டுமே. எவ்வளவு சூடு, எதனால் வந்த சூடு என்று தெரிந்துகொள்ளாமல் பேடைத் தேர்ந்தெடுக்க முடியாது.

சூடேறும் எஃகின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிறது. படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று கலக்கும்போது சில நிறங்கள் அழிந்து சில எஞ்சுகின்றன. மழைநீரில் மிதக்கும் பெட்ரோல் வானவில் காட்டுவதும் இதனால்தான். சாதாரண எஃகில் 220 டிகிரி செல்சியஸ் அளவில் மஞ்சளும் 300 டிகிரி அளவில் நீலமும் தோன்றும். ஆனால் பைக் டிஸ்க் பெரும்பாலும் குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகு. அதில் ஆக்சைடு மெதுவாகவே வளர்வதால், அதே நீலம் வர இன்னும் நூறு டிகிரிக்கு மேலாவது கூடுதல் சூடு தேவை. ஆகவே வார்ப்பிரும்பாலான கார் டிஸ்க்கின் நீலமும் பைக் டிஸ்க்கின் நீலமும் ஒரே சூட்டைச் சொல்வதில்லை. போதாக்குறைக்கு, குறைந்த சூட்டில் நெடுநேரம் கிடந்தாலும் படலம் தடித்து அடுத்த நிறத்துக்குப் போய்விடும். பேட் உரசும் பட்டையில் படலம் தேய்ந்துபோக, துளைகளின் ஓரத்திலும் உள்வளையத்திலும்தான் நிறம் தங்கும். நிறத்தை மட்டும் வைத்து டிஸ்க்கைக் கழித்துப்போடுவது வீண் செலவு. விரிசல் இருக்கிறதா, டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே தேய்ந்துவிட்டதா, சுழலும்போது ஆடுகிறதா என்பவையே அதை முடிவு செய்ய வேண்டும்.

இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது? இருவர் ஏறிய பைக்கின் மொத்த எடை 280 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால் சுமார் 39 கிலோஜூல் வெப்பமாகிறது. அத்தனையும் ஒரு கிலோ எடையுள்ள முன் டிஸ்க்குக்கே போனாலும் சூடு ஏறத்தாழ 80 டிகிரிதான் ஏறும். செம்பூர் சிக்னல்களில் டிஸ்க் நீலமாவதில்லை என்பதற்கு இந்தக் கணக்கே போதும். லோனாவாலா மலைச்சாலையான போர்காட்டில் 500 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படுவதோ சுமார் 1,370 கிலோஜூல். அப்படிப்பட்ட 35 நிறுத்தங்களுக்குச் சமம். காற்றும் என்ஜினும் பின் பிரேக்கும் எதையும் வாங்கிக்கொள்ளாவிட்டால் அந்த ஒரு கிலோ எஃகு உருகியே ஓடிவிடும். கீழ் கியரில் இறங்கச் சொல்வது கிழவர்களின் பயம் அல்ல. ஏபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு அது கட்டாயம், உண்மைதான். ஆனால் அது சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்குமே தவிர, ஒரு ஜூல் வெப்பத்தையும் குறைக்காது. மலைப்பக்கமே போகாத வண்டியில் நீலம் தெரிந்தால் சந்தேகம் வேறு பக்கம் திரும்ப வேண்டும்: பேடைப் பிடித்திருக்கும் கேலிப்பரின் பின் இறுகியிருக்கலாம், பிஸ்டன் திரும்பாமல் பேட் ஓயாது உரசிக்கொண்டிருக்கலாம். சீத்தா கேம்ப் இருக்கும், கடற்கழியின் உப்புக்காற்று வீசும் டிராம்பேயில் இது அபூர்வமானதல்ல. இதற்குப் புது பேட் மருந்தாகாது.

இனி பேட். சாதாரண ஆர்கானிக் பேடைக் கட்டிவைத்திருக்கும் பிசின் சுமார் 300 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். கிளம்பும் வாயு பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் புக, பிடிப்பு விழுகிறது. அப்படியானால் ரேஸ் பேடே மேலல்லவா என்று கேட்கலாம். அது சூட்டுக்கென்றே செய்யப்பட்டது. பல வகைகள் குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிப்பதே இல்லை. சீத்தா கேம்ப் சந்தில் குழந்தை குறுக்கே ஓடிவரும்போது டிஸ்க் பெரும்பாலும் குளிர்ந்தேதான் இருக்கும். அன்றாடம் நகரத்திலும் விடுமுறையில் மலையிலும் ஓட்டுபவருக்கு, உற்பத்தியாளர் அந்த டிஸ்க்கோடு சேர அனுமதித்திருந்தால், சாலைக்கான சின்டர்டு பேடே என் தேர்வு. உலோகத்தூளை அழுத்திச் சுட்டுச் செய்த அது ஈரத்திலும் சூட்டிலும் பிடிப்பைக் காக்கிறது. மும்பை மழைக்கு இது சிறிய விஷயமல்ல. டிஸ்க்கைத் தின்றுவிடும் என்ற புகாரில் உண்மை உண்டு, அந்த விலையைக் கொடுக்கலாம். கார்க்காரர்கள் சில பேடுகளின் ஓரத்தில் உள்ள இரண்டு எழுத்துகளைப் பார்க்கலாம்: முதலாவது குளிர்நிலை உராய்வு, இரண்டாவது சூட்டுநிலை. ‘எஃப்எஃப்’ என்றால் இரண்டிலும் 0.35 முதல் 0.45 வரை. ‘எஃப்இ’ என்றால் சூட்டில் சரிகிறது. அந்தச் சோதனை சுமார் 340 டிகிரியோடு நின்றுவிடுவதால் அதற்கு மேல் அந்த எழுத்துகளுக்குப் பேச்சில்லை.

சின்டர்டு பேட் சூட்டை நன்றாகவே கடத்தும். அந்தச் சூடு பிஸ்டன் வழியே பிரேக் ஆயிலுக்குப் போகிறது. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்காது. 3.7 சதவீதம் ஈரம் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155ஆக இறங்கிவிடலாம். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவது அதன் இயல்பு, ஈரத்துக்கோ இந்த ஊரில் பஞ்சமில்லை. இறக்கத்தில் லீவர் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேடின் மீது சந்தேகப்படலாம். லீவர் பஞ்சுபோல் அமுங்கிக் கைப்பிடியைத் தொட்டால் ஆயில் கொதித்திருக்கிறது. அப்போது எந்த பேட் போட்டிருந்தாலும் ஒன்றுதான்.