டிராம்போனும் புளூஸ் இசையும்

டிராம்போன் என்னும் பித்தளைக் குழலில் விரல் வைத்து மூடும் துளைகள் இல்லை. நீண்டதோர் இழுகுழாயை முன்னும் பின்னும் நகர்த்தியே ஊதுதல் வேண்டும். அதற்கு 7 நிலைகள் உண்டு. அவற்றைக் காட்டும் குறிகளோ குழாயில் இல்லை. செவியே வழிகாட்டி.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையில் சில சுரங்கள் சற்றே தாழ்ந்து, இரு சுரங்களுக்கு இடையே நின்று விம்மும். பியானோவின் கட்டைகளால் அவ்விடத்தைத் தொடவியலாது. இழுகுழாய்க்கு அஃது இயல்பு.

டெட்ராய்ட் நகரில் பிறந்த கர்ட்டிஸ் ஃபுல்லர், பெற்றோரை இழந்து அனாதை இல்லத்தில் வளர்ந்தவர். ஜே. ஜே. ஜான்சனின் வாசிப்பைக் கேட்டு இக்கருவியை நாடினார். 1957இல் ஜான் கோல்ட்ரேனின் ‘புளூ டிரெயின்’ இசைத்தட்டில் வாசித்தார். 1959 மே மாதத்தில் ஐவர் குழுவாக ‘புளூஸெட்’ இசைத்தட்டைப் பதிவு செய்தார். அதில் பென்னி கோல்சனின் சாக்சபோனும் இவருடைய டிராம்போனும் ஒரே மூச்சாக இழைந்து வருகின்றன. ஆரவாரமே ஜாஸ் என்போர் இதனைக் கேட்டதில்லை போலும்!

முதுமையில் புற்றுநோய் அவருடைய நுரையீரலைத் தாக்கியது. மூச்சே முதலான கலைஞர் அல்லரோ? எனினும் சிகிச்சைக்குப் பின் பயின்று மீண்டும் ஊதினார். 2021இல் மறைந்தார்.